அண்ணன் விட்ட படிப்பை உங்களிடம் கேட்கும் அப்பா

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். சிங்கப்பூரில் தமிழ் அப்பாவுக்கும் சீன அம்மாவுக்கும் பிறந்த நீங்கள், மருத்துவ மாணவராயிருந்த அண்ணனை விபத்தில் இழந்து எட்டு மாதம் ஆவதற்குள், அவர் விட்ட படிப்பை நீங்கள் முடிக்க வேண்டுமென அப்பா வற்புறுத்துவதையும், மண்டாய் தகனச்சாலைக்கு வராத அம்மாவை அத்தைமார் கல்நெஞ்சக்காரி என ஏசுவதையும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நரைத்த தலை கருந்தலையை வழியனுப்பலாகாது என்பது சீனர்களிடையே பழைய வழக்கு. பிள்ளையின் இறுதிப் பயணத்தில் பெற்றோர் உடன்செல்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு. அம்மா வீட்டில் தங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவரிடம் மெல்லக் கேளுங்கள். அப்படித்தான் என்றால், அதை அத்தைமாருக்கு விளக்க வேண்டியவர் அப்பாவே. ஆண்டுத் திதியில் எவ்வாறு கலந்துகொள்ள விரும்புகிறார் என்பதையும் இப்போதே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, அப்பா இப்போது கேட்பது மருத்துவரை அல்ல, மகனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே மதிப்பெண்களைக் காட்டி வாதாடாதீர்கள். அண்ணனைப் பற்றி அவரைப் பேசவிட்டு, பிறிதொரு நாளில், பாலர்பள்ளி ஆசிரியராவதே உங்கள் விருப்பம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரவில் துயரம் தாங்க முடியாமற் போனால், சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் (SOS) அமைப்பின் 1767 என்னும் உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம், தயங்க வேண்டாம்.