முந்நூறு படங்கள், இரண்டு நிமிடம்

கேள்வி: ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வயது 68. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. என் குரலையும் சேர்த்துப் பேரப்பிள்ளைகளுக்கு வீடியோவாக்க ஆசை. எந்த ஆப் நல்லது? கேமரா, மைக் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஆப் கடைசி வேலை. நீங்கள் செய்ய நினைப்பதற்கு டிஜிட்டல் கதைசொல்லல் என்று பெயர்; அமெரிக்காவில் ஜோ லாம்பெர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் 1990களில் பட்டறைகள் நடத்திப் பரப்பிய முறை. இரண்டு மூன்று நிமிடம், சொந்தக் குரல், கையில் இருக்கும் படங்கள், அவ்வளவுதான். பலர் முதலில் படங்களை அடுக்கி, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்து ஸ்லைடு ஷோ மாதிரி ஆகிவிடும். படத்தில் இருப்பவர் யாரென்று பேரனுக்குத் தெரியாது. யூடியூபில் ஏற்றினால் பாட்டுக்கு உரிமைக் கோரலும் வரும்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். ‘ஆலையில் என் முப்பது வருடம்’ இரண்டு நிமிடத்தில் அடங்காது. இருட்டில் வேலை பழகிய முதல் வாரம், அது அடங்கும். 180 முதல் 200 சொற்கள் போதும். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம் வரும். எழுத்துநடை வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

பிறகு குரல். ஃபோனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘புஸ்’ என்று கேட்கும். காலி அறை எதிரொலிக்கும். கம்பளியும் ரஜாயும் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை விட்ட பிறகுதான் பதிவு. பின்னணி மழைச் சத்தத்தைப் பிறகு நீக்கப் போனால் குரலும் தகரமாகிவிடும். காலைக் குளிரில் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் உட்காருவது நல்லது. வரி தவறினால் நிறுத்த வேண்டாம். ஒரு கைதட்டு, மூன்று விநாடி மௌனம், அதே வரி மறுபடி. பிறகு ஆப்பில் தெரியும் ஒலி அலைப் படத்தில் அந்தக் கைதட்டு முள்போல நிற்கும். வெட்ட வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு நிமிடக் குரலுக்கு 15 முதல் 20 படங்கள்தான் தேவை, ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு விநாடி. மீதி 280 அடுத்தடுத்த கதைகளுக்கு. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும், முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் தாங்கும். ஃபோன் என்றால் ஜன்னலோர மேசையில், வெயில் நேரே விழாத நேரத்தில், விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு, படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். லேசான மேகமூட்டம் இதற்குக் கொடுப்பினை.

ஈர மலையில் ஃப்ரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள். படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவா வேண்டும்? கண்ணாடியோடே எடுங்கள்; ஃபோனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் உங்கள் பிம்பம் விழாது. பூஞ்சை படிந்த படத்தில் ஈரத்துணி படவே கூடாது, நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

இப்போது ஆப். இன்ஷாட் அல்லது கைன்மாஸ்டர், எதுவானாலும் சரி. இலவசப் பதிப்பில் வீடியோவின் மூலையில் ஆப்பின் முத்திரை விழும். முதலில் குரலை வைத்து, அதற்கேற்பப் படங்களைப் பொருத்துங்கள். ‘மேனேஜர் வந்தார்’ என்று குரல் சொல்லும்போதே மேனேஜர் படம் காட்டத் தேவையில்லை. அவர் நாற்காலியோ வாசலோ போதும். பின்னணி இசை வைத்தே ஆக வேண்டுமென்றால் யூடியூபின் இலவச ஒலி நூலகத்திலிருந்து எடுத்து, பத்து சதவீத ஒலியில் விடுங்கள்.

வீடியோவை 1080பி தரத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கிவிடும். ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.