பாலட்டில் மிஞ்சிய நிறம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக ஓவியம் கற்பிக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தவறாமல் வாசிப்பேன், ஆனால் எழுதியதில்லை. போன வாரம் நடந்த ஒன்றுதான் எழுத வைத்தது.

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி, "மிஸ், நீங்க வரைஞ்ச படத்தைக் காட்டுங்க" என்றாள். கைப்பேசியைத் திறந்து தேடினேன். ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாமே பிள்ளைகள் வரைந்தவை. என்னுடையது ஒன்றுகூட இல்லை. "வீட்டில இருக்கு, கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் இல்லை அக்கா. கல்லூரி நாள்களில் வரைந்தவை மட்டும் அம்மா வீட்டு ஸ்டோர் ரூமில் சுருட்டியபடி கிடக்கின்றன.

காலை ஏழு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை, ஓ லெவல் தேர்வு எழுதும் பிள்ளைகளின் கோர்ஸ்வொர்க் எல்லாம் முடித்துச் செங்காங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். ஜூன் விடுமுறையில் வரையலாம் என்று உட்கார்ந்தால் என்ன வரைவது என்றே தெரியவில்லை. இங்கே எல்லா நாளும் ஒரே வெயில், ஒரே புளோக், ஒரே ரயில். உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? தேர்வு எழுதப் பிள்ளைகள் காத்திருக்கும்போது என் படத்துக்கு நேரம் ஒதுக்குவது சுயநலமா?

இன்னொன்று. பழைய வாட்டர்கலர் தாள்கட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. பயன்படுத்தலாமா?

எம்.

அன்புள்ள எம்,

"வீட்டில இருக்கு" என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பையனிடம் நானும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியராகி ஒன்பதாவது ஆண்டில். அன்று வீட்டுக்குப் போகும் வரை அவன் முகம் கூடவே வந்தது.

நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ஜூன் மாதத்தில் நேரம் கிடைத்தும் கை ஓடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், ஆறு ஆண்டுகளாக நீங்கள் தினமும் வரைந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வகுப்பில் டெமோ காட்டுகிறீர்கள். எப்படி முடியும் என்று முதல் கோட்டிலேயே தெரிந்த படங்கள் அவை. முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது தப்பாகப் போகக் கூடாது, போவதும் இல்லை. இப்படியே பழகிய கை, முடிவு தெரியாத படத்தின் முன் உட்காரப் பயப்படுகிறது. விடுமுறையில் வெறும் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் தேடியதும் நிச்சயமாக நன்றாக வரக்கூடிய ஒரு பொருளைத்தான் என்று நினைக்கிறேன். அப்படி ஒன்று கிடைக்காதபோது ஊக்கமே வற்றிவிட்டதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பணப்பையில் 50 வெள்ளி நோட்டு இருந்தால் பின்பக்கம் பாருங்கள். வீணை இருக்கிறது, மலாய்க்காரர்களின் கொம்பாங் பறை இருக்கிறது, கூடவே இரண்டு ஓவியங்கள். ஒன்று சென் வென் சி வரைந்த கிப்பன்கள், நீண்ட கைகளும் வாலில்லாத உடலும் கொண்ட குரங்குகள். இன்னொன்று சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த கருவாடு காயும் காட்சி. இரண்டு பேருமே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்கள். அந்த நோட்டை மாற்றும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம், இரண்டு வாத்தியார்களின் கைவேலை ஊர் முழுக்கச் சுற்றுகிறதே என்று.

சென் வென் சி கிப்பன்களை முதலில் கற்றுக்கொண்டது பழைய சீன ஓவியர் மூ சியின் படத்தைப் பார்த்து, அதுவும் ஓர் அச்சுப்படம். அதை வைத்தே காலம் முழுக்க நன்றாக வரைந்திருக்கலாம், கை அப்படிப்பட்ட கை. அவரோ 300 வெள்ளி கொடுத்து ஒரு கிப்பனை வாங்கித் தோட்டத்தில் வளர்த்தார். பிறகு இன்னும் நான்கு வந்து சேர்ந்தன. பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர், வீட்டுத் தோட்டத்தில் ஒரு குரங்கிடம் மாணவர். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அப்படி ஓர் இடம்தான், நீங்கள் மாணவியாக உட்கார ஓர் இடம்.

எனக்கு அது லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ வாங்க நின்றேன். கூட்டம். காத்திருந்த நேரத்தில் பூத்தொடுப்பவரின் கைகளை ரசீதின் பின்புறத்தில் வரையத் தொடங்கினேன். வரவே இல்லை. கை நிற்காமல் ஓடுகிறது: இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நூல் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. பெருவிரலைப் போட்டு முடிப்பதற்குள் அது வேறு எங்கோ போயிருக்கும். இருபது ஆண்டு கற்பித்த கை, ஒரு பெருவிரலிடம் தோற்றது. அடுத்த வாரமும் போனேன்.

மூன்றாவது வாரம்தான் ஒன்று புரிந்தது. அந்தக் கை போனாலும் திரும்பி வருகிறது. நாலைந்து விநாடிக்கு ஒரு முறை நூலை இழுக்கும் அதே நிலைக்கு வந்தே ஆக வேண்டும். துரத்தாமல் ஒரே ஒரு நிலையைத் தேர்ந்துகொண்டு, அது வரும்போதெல்லாம் ஒரு கோடு. ஒரு சரம் முடிவதற்குள் நாற்பது முறை வந்துவிடும். அந்த ஆண்டு முழுக்க நான் வரைந்தது அந்தக் கைகளை மட்டும்தான். முகம் வரையவில்லை, கடை வரையவில்லை. இடது சுட்டுவிரலில் நூல் அறுத்த தழும்பு இருப்பதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த அம்மாவே ஒரு நாள், "ஏம்மா, என் கையில அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார். வரைந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மா கை மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, செங்காங்குக்கு வருவோம். எல்லா நாளும் ஒன்றுதான் என்கிறீர்கள். உங்கள் புளோக் பக்கத்திலோ பள்ளிக்குப் போகும் சாலையிலோ தூங்குமூஞ்சி மரம் நிச்சயம் இருக்கும். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதை 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம். நீங்கள் கிளம்பும்போது விடிந்திருக்காது, திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அப்படியானால் வேலை நாள்களில் நீங்கள் பார்ப்பதெல்லாம் இலை மூடிய மரம். நடுப்பகலில் அது எப்படி இருக்கும் என்று ஞாபகத்திலிருந்து வரைய முடியுமா? மூடிய இலைக்கும் விரிந்த இலைக்கும் நடுவே கிளைகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது, வானம் எவ்வளவு கூடத் தெரிகிறது? சனிக்கிழமை மதியம் பத்து நிமிடம் அதன் கீழ் நின்று பாருங்கள்.

நேரம் சுத்தமாக இல்லாத நாள்களுக்கு நான் செய்வது ஒன்று உண்டு. வகுப்பு முடிந்து பிள்ளைகள் நிறம் கலக்கும் தட்டுகளை, அதாவது பாலட்டுகளை, கழுவுதொட்டியில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் கலந்து கலங்கிய நிறம் மிஞ்சியிருக்கும். கழுவுவதற்கு முன் ஒரு தூரிகையால் அதை எடுத்து நோட்டில் ஒரு பட்டை பூசுகிறேன். பக்கத்தில் தேதி. நான்கு நிமிட வேலை.

சிவப்பும் பச்சையும் போன்ற எதிர்நிறங்கள் கலந்தால் சாம்பலோ பழுப்போ வரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவள்தான். ஆனால் எத்தனை சாம்பல் என்று அந்த நோட்டுத்தான் காட்டியது. சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் எல்லாப் பாலட்டிலும் சிவப்பு, அதனால் பழைய செங்கல்லின் நிறம். இலைகள் வரைந்த வாரம் குளத்துப் பாசி. தேசிய தினத்துக்கு முன்னால் பிள்ளைகள் சிவப்பும் வெள்ளையும் தவிர வேறு எதையும் தொடவில்லை, இரண்டு வாரத்துக்கு ரோஸ் நிறம்தான் கிடைத்தது. ஓராண்டில் 160 பட்டைகள். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து மழைக்காற்று ஏறி வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன். அந்த நிறம் என் நோட்டில் இருந்தது. உயர்நிலை ஒன்று பிள்ளைகள் கலக்கிய நிறம். என் மழைப் படங்கள் எல்லாம் அந்தக் காலையில் தொடங்கியவை.

ஜார்ஜெட் சென் என்ற ஓவியரையும் இங்கே சொல்ல வேண்டும். அவரும் 1954 முதல் நன்யாங்கில் ஆசிரியராக இருந்தவர். ரம்புத்தான், மங்குஸ்தீன், மூன்கேக் என்று இந்த ஊர்ச் சந்தையில் கிடைப்பவற்றையே எத்தனை அன்போடு வரைந்திருக்கிறார்! தேசியக் கலைக்கூடத்தில் போய்ப் பாருங்கள், நமக்கு அனுமதி இலவசம். பிறகு ஈரச்சந்தையில் ஒரு கொத்து ரம்புத்தான் வாங்கி நீங்களே வரையுங்கள். மூன்றாம் நாள் பழத்தின் மேலிருக்கும் முடி கறுத்துச் சுருண்டுவிடும். அந்தச் சிவப்பைப் பிடிக்க நமக்கு எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறது என்று அப்போது தெரியும்.

சுயநலமா என்று கேட்டீர்கள். இல்லை எம், இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. என் படம் என்று ஒன்று இல்லாத ஆண்டுகளில் பிள்ளைகளின் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணு", "இந்த ஓரத்தைச் சரிசெய்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெருவிரலிடம் தோற்ற பிறகு என் வாயில் வரும் வார்த்தை மாறிவிட்டது. "எந்த இடத்தில நின்னுபோச்சு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறேன். பிள்ளை சொல்லத் தொடங்குகிறது. ஓ லெவல் கோர்ஸ்வொர்க்குக்கு இதைவிட நல்ல உதவி எனக்குச் செய்யத் தெரியாது. அந்த மாணவியிடமும் உண்மையைச் சொல்லுங்கள்: "இல்லம்மா, இப்பத்தான் தொடங்கியிருக்கேன்." அவள் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டாள்.

தாள்கட்டு பற்றி. நம் ஊர் ஈரக்காற்றில் இது நடப்பதுதான். நிறம் உடனே ஊறிவிடாமல் இருக்கத் தாளில் ஒரு பசை சேர்த்திருப்பார்கள். அது கெட்டுப்போனால் பூசும் நிறம் அங்கங்கே திட்டுத்திட்டாக உள்ளே போய்விடும். வழவழப்பான வானம் இனி அதில் வராது, அதற்குப் புதுத்தாள் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பழையதைத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிப் பள்ளிக் கழுவுதொட்டிக்கு மேல் ஓர் உறையில் தொங்கவிடுங்கள். பாலட்டில் மிஞ்சும் நிறத்துக்கு அது தாராளமாகப் போதும்.

அன்புடன்,
அக்கா