எந்தப் பாஸ்படேஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கைனேஸ் நொதிகள் செல் பெருக்கத்தைத் தூண்டுகின்றன. அப்படியானால் பாஸ்படேஸ் அனைத்தும் புற்றுநோயைத் தடுப்பவைதானே? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

பதில்: கைனேஸ் பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி, பாஸ்படேஸ் அதை நீக்கும் நொதி. ஆனால் எந்தப் பாஸ்படேஸ் என்று முதலில் கேட்க வேண்டும். 1997இல் கண்டறியப்பட்ட பி-டென் என்ற பாஸ்படேஸ் பழுதானால் பல உறுப்புகளில் கட்டி வளர வழி ஏற்படுகிறது. எஸ்.எச்.பி.-2 நொதியோ பாஸ்பேட்டை நீக்குவதாக இருந்தும், பெருக்கச் சமிக்ஞையைக் கடத்தும் ராஸ் புரதத்தின் வழியே பெருக்கத்துக்குத் துணை நிற்கிறது.

கேள்வி: ரத்த அறிக்கையில் பாஸ்படேஸ் கூடுதலாக உள்ளது. புற்றுநோயா? (ராமநாதபுரம்)

பதில்: வயதும் இல்லை, அளவும் இல்லை, இப்படி எழுதினால் எவரால் பதில் சொல்ல முடியும்? அங்கு அளக்கப்படுவது ஆல்கலைன் பாஸ்படேஸ். மேலே சொன்னவற்றோடு அதைக் குழப்ப வேண்டாம். பித்தநாள அடைப்பு, எலும்பு நோய், கர்ப்பம், வளரும் வயது ஆகிய எதனாலும் அது உயரலாம். முழு அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கடற்பஞ்சில் உள்ள ஒரு பொருள் பாஸ்படேஸ் மீது வேலை செய்கிறதாமே. கரையொதுங்கும் பஞ்சைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் குணமாகுமா? (மண்டபம்)

பதில்: வேலை செய்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, என்ன வேலை என்று கேட்காமல் விடுவது எனக்கு நெடுநாள் எரிச்சல். நீங்கள் குறிப்பிடுவது ஒகடாயிக் அமிலம். ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டு, 1981இல் அதன் வேதியமைப்பு வெளியானது. ஆயினும் அதை உண்டாக்குபவை கடல்நீரில் வாழும் நுண்பாசிகளே. நீரை வடிகட்டி உண்ணும் பஞ்சிலும் சிப்பியிலும் அது சேர்கிறது. அது முடக்குவது பி.பி.2ஏ என்னும் பாஸ்படேஸ் நொதியை. தாங்கும் பகுதி, வினைபுரியும் பகுதி, இலக்கைத் தேர்ந்தெடுக்கும் பகுதி என மூன்றும் கூடிய இந்நொதி, பெருக்கத்தைத் தூண்டும் மிக் புரதத்திலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்கி, அப்புரதம் சிதைய வழி செய்கிறது. இதன் பல பணிகளுள் இது ஒன்றுதான். ஆகவே இதை முடக்குவது ஓடும் வண்டியின் பிரேக்கைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். புற்றுநோய்க் காரணி ஏற்கெனவே பட்ட எலித்தோலில் இவ்வமிலத்தைத் தொடர்ந்து தடவியபோது கட்டிகள் தோன்றின! மனிதருக்குச் சிப்பி வழியே மிகுதியாகச் சென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமையல் வெப்பத்தில் அது அழிவதில்லை. ஆய்வகத்துக்கு அருமையான கருவி, அடுப்படிக்கு ஆகாதது. பாம்பன் கரையில் ஒதுங்கும் பஞ்சில் என்ன இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய இயலாது, தொடாமல் விடுங்கள்.

கேள்வி: பி.பி.2ஏ நொதியை மாத்திரையாக விழுங்கலாமா? (தொண்டி)

பதில்: பயனில்லை, அதுவும் புரதமே, செரித்துவிடும்.

கேள்வி: சிறுநீரக மாற்று செய்துகொண்ட என் அண்ணன் டாக்ரோலிமஸ் எடுக்கிறார். அது பாஸ்படேஸைத் தடுக்கிறதாம், நிறுத்தலாமா? (ராமேசுவரம்)

பதில்: நிறுத்தக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், எந்தப் பாஸ்படேஸ் என்று பாருங்கள். அது தடுப்பது, டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்களைத் தூண்டிவிடும் கால்சிநியூரின் என்ற பாஸ்படேஸை. அதனால்தான் டி செல்கள் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்காமல் அடங்கியிருக்கின்றன. எதிர்ப்பாற்றல் குறைவதால் தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுவது உண்மையே. மருந்தளவை மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. அண்ணன் கடல் வெயிலில் நிற்பவரானால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணியச் சொல்லுங்கள்.