4 லட்சம் யூரோ டெண்டருக்கு 15 லட்சம் விற்றுமுதல் கேட்கலாமா?

ஒரு ஜெர்மன் நகராட்சி, 4 லட்சம் யூரோ மதிப்புள்ள மென்பொருள் பராமரிப்பு டெண்டரில், பங்கேற்கும் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் (ஓராண்டின் மொத்த விற்பனை வருவாய்) குறைந்தது 15 லட்சம் யூரோ இருக்க வேண்டும் என்று கேட்பதாகச் சொல்கிறீர்கள். பொதுவாக அப்படிக் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/24 கொள்முதல் உத்தரவு, 58-ஆம் பிரிவின்படி, குறைந்தபட்ச ஆண்டு விற்றுமுதல் ஒப்பந்த மதிப்பின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் டெண்டருக்கு உச்சம் 8 லட்சம் யூரோதான். உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களும் உள்ளே வரட்டும் என்றுதான் 2014 சீர்திருத்தத்தில் இதைச் சேர்த்தார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் நடப்பது இது: வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், விற்றுமுதலை மட்டும் மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். வரம்பைப் பகுதிவாரியாகத்தான் பார்க்க வேண்டும். அறிவிப்பில் அந்த 4 லட்சம் ஒரு பகுதிக்கா, முழுவதற்குமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் ஆவணங்களில் காரணம் ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். வேலையின் தன்மையிலேயே சிறப்பு அபாயம் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேலும் கேட்கலாம், ஆனால் காரணத்தை எழுதியே ஆக வேண்டும்.

காரணம் இல்லையென்றால் டெண்டர் தளத்தின் வழியாகவே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். காலம் முக்கியம். ஜெர்மன் சட்டப்படி, தவறு தெரிந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும்; அறிவிப்பிலேயே தெரியும் தவறு என்றால் டெண்டர் சமர்ப்பிக்கும் கெடு முடிவதற்குள். தொலைபேசியில் பேசியதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

ஒன்று கவனம்: ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்புத் தொகைக்குக் கீழான டெண்டர்களுக்கு இந்த உத்தரவு பொருந்தாது. உங்களுடையது அதற்கு மேல்தான். கெடு நெருங்கிவிட்டால், அதே உத்தரவின் 63-ஆம் பிரிவின்படி இன்னொரு நிறுவனத்தின் விற்றுமுதலையும் சேர்த்துக் காட்டலாம். அவர்களும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று நகராட்சி கேட்கக்கூடும்.