மைக் இல்லாமல் டீமோடு விளையாடுவது எப்படி? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

சிம்மக்கல் பக்கம் கேம் சென்டர் நடத்துகிறேன். மைக் போட முடியாமல், அல்லது போடப் பிடிக்காமல் விளையாடுகிறவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

திருமங்கலம், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, வீட்டில் ஒரே ஹால். அப்பா நியூஸ் பார்ப்பார், பாட்டி தூங்கும். பிஜிஎம்ஐயில் (நாலு பேர் டீமாக ஆடும் மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம்) மைக் போடவே முடியாது. ரேண்டமாக வரும் முன்பின் தெரியாத ஆட்களோடு போனால் என்னை ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என்ன செய்வது?

தம்பி, முதலில் ஒன்று. மைக்கை அணைத்தால் ஸ்பீக்கரையும் சேர்த்து அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் தனித்தனி பட்டன். ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். நீங்கள் பேசாதது பெரிய குறையில்லை. அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால்தான் டீம் உடையும்.

அப்புறம், மேட்ச் ஆரம்பத்தில் எல்லாரும் குதிக்கும் அந்த விமானத்தில் இருக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். எங்கே குதிக்கலாம் என்று மேப்பில் ஒரு மார்க் வையுங்கள். வேறு யாராவது வைத்திருந்தால் சண்டை போடாமல் அதற்கே போங்கள். அந்த நிமிடத்திலேயே ‘இவன் கவனிக்கிறான்’ என்று மற்ற மூன்று பேருக்கும் புரிந்துவிடும்.

சண்டை வந்தபின் மூன்று விஷயம்தான் டீமுக்கு வேண்டும்: எதிரி எங்கே, எத்தனை பேர், நீ என்ன செய்யப் போகிறாய். ‘எங்கே’ என்பதற்கு மார்க் இருக்கிறது. மார்க் வைக்க நேரமில்லையா? திரையின் மேலே திசைகாட்டி ஓடுகிறதே, அந்த எண்ணை மட்டும் அடியுங்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ‘240, 2’ என்று அடித்தால் அந்தத் திசையில் இரண்டு பேர். நீங்களும் டீம்மேட்டும் பக்கம் பக்கமாக நிற்கும்போது இது சரியாக வரும். நீங்கள் மலை மேலும் அவர் ரோட்டிலும் இருந்தால் உங்கள் 240 அவருக்கு வேறு இடத்தைக் காட்டும், அப்போது மார்க்தான் வழி. ‘நீ என்ன செய்யப் போகிறாய்’ என்பதற்குக் குயிக் சாட் இருக்கிறது, தட்டினால் போகும் ரெடிமேட் வாசகங்கள். எந்த வாசகம் வர வேண்டும் என்று நாமே மாற்றி அடுக்கி வைக்கலாம். நான் வைத்திருப்பது: எதிரி முன்னால், வண்டியில் ஏறு, உதவி வேண்டும், பின்வாங்கு, நன்றி. நன்றி எதற்கு என்று சிரிக்காதீர்கள். மருந்து போட்டவருக்கு ஒரு நன்றி போனால், அடுத்த தடவை நீங்கள் விழும்போது ஆள் ஓடி வரும்.

மேலூர்: கம்ப்யூட்டரில் டீமாக ஆடும் துப்பாக்கி கேம் வேலரண்டில் ரேங்க்ட் (தரவரிசை மேட்ச்) ஆடுகிறேன். ஹெட்செட் மைக் போய்விட்டது. ஆரம்பத்திலேயே ‘மைக் இல்லையா, வெளியே போ’ என்று எழுதுகிறார்கள். பிங் மட்டும் போதுமா?

பிங், அதாவது ஒரு கீயைத் தட்டி டீமுக்கு இடத்தைக் காட்டும் குறி, அது மட்டும் போதாது. பிங்கும் டைப்பிங்கும் சேர்ந்தால் போதும், ஆனால் டைப் செய்யும் நேரம் முக்கியம்.

ரவுண்டுக்கு முன்னால் துப்பாக்கி வாங்க 30 வினாடி கிடைக்கிறது. அப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். ‘ஏ சைட் நான் பார்க்கிறேன்’, ‘மிட்டில் ஸ்மோக் போடு’ (ஏ சைட், மிட் மேப்பில் உள்ள இடங்கள், ஸ்மோக் மறைக்கும் புகை), அவ்வளவு. ரவுண்டு ஓடும்போது இசட் கீயைத் தட்டினால் பிங், அழுத்திப் பிடித்தால் பிங் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் சக்கரம். அதற்கு மேல் கையை எடுக்காதீர்கள். டைப் செய்துகொண்டே செத்தவர்களை என் கடையில் தினமும் பார்க்கிறேன்.

செத்தபின் உங்களுக்கு வேலை இருக்கிறது. யாரை எவ்வளவு அடித்தீர்கள் என்று திரையில் வரும். அதைப் பார்த்து ‘ஜெட் 80 ஹெவன்’ என்று அடியுங்கள்: ஜெட் எதிரியின் கேரக்டர், 80 நீங்கள் குறைத்த உயிர், ஹெவன் அவர் நிற்கும் உயரமான இடம். ஒரு வரிதான். பெரிய ஷீல்டு போட்டிருந்தாலும் ஆளுக்கு மொத்தம் 150 உயிர். அதில் 80 போனால் மிச்சம் 70. வேண்டல் துப்பாக்கி வைத்திருக்கிற நம் ஆளுக்கு உடம்பில் இரண்டு குண்டு போதும் என்று தெரிந்துவிடும், ஒளிந்து நிற்காமல் துணிந்து போவார். மைக்கில் ‘மச்சான் அவன் லோ, ரொம்ப லோ’ என்று கத்துகிறவரைவிட இந்த ஒரு வரி மேல். கத்துகிறவர் 20 அடித்திருப்பார்.

என்டர் தட்டினால் டீமுக்கு மட்டும் போகும். ஷிஃப்டும் சேர்ந்தால் எதிரிக்கும் போகும். அவசரத்தில் கவனம்.

‘வெளியே போ’ என்கிறவருக்குப் பதில் எழுத வேண்டாம். ‘மைக் இல்லை, காது கேட்கும், பிங் பண்ணுகிறேன்’ என்று ஒரு தடவை போட்டுவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

செல்லூர்: நான் பிங் வைத்துக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லையே?

வைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். மாட்டுத்தாவணியில் விடாமல் ஹார்ன் அடிக்கிற பஸ்ஸை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஒரு எதிரிக்கு ஒரு பிங். இடம் மாறினால் இன்னொன்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஒரு ஆளின் பிங்கை மட்டும் தனியாக மியூட் செய்யவே வசதி உண்டு. தப்பு செய்தவன் தலையில் கேள்விக்குறி பிங்காக வைத்துக் குத்திக்காட்டுகிற பழக்கம் அந்த அளவுக்குப் போய்விட்டது.

இன்னொன்று, வகை பார்த்து வையுங்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் மவுஸின் நடு பட்டனை ஒரு தடவை தட்டினால் ‘அங்கே போவோம்’, இரண்டு தடவை தட்டினால் ‘அங்கே எதிரி’. துப்பாக்கி மேல் வைத்தால் அது என்ன துப்பாக்கி என்று நம் கேரக்டரே வாய்விட்டுச் சொல்லும், வேண்டும் என்கிறவர் தனக்கு என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில் அந்த கேம் வந்தபோது எல்லாரும் பேசியது இதைத்தான். சில வாரங்களுக்குள் ஃபோர்ட்நைட்டிலும் பிங் வந்துவிட்டது. ஆனாலும் இது புதுசு இல்லை. பிரவுசிங் சென்டர் காலத்துக் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் இசட், எக்ஸ், சி மூன்று கீயிலும் ரேடியோ கமாண்ட் இருந்ததே.

உசிலம்பட்டி: ரேண்டமில் இந்திக்காரர்கள் வந்தால் அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் அடிப்பது அவர்களுக்குப் புரியவில்லை.

அங்கேதான் ரெடிமேட் வாசகங்கள் கைகொடுக்கும். டோட்டா 2 கேமில் சாட் வீலில் (ரெடிமேட் வாசகங்களின் சக்கரம்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எதிரில் இருப்பவர் எந்த மொழியில் கேமை வைத்திருக்கிறாரோ அந்த மொழியில் அவருக்குத் தெரியும். அதே கேமில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு உங்கள் ஸ்கில்லைக் கிளிக் செய்தால், அது தயாரா, இன்னும் எத்தனை வினாடி ஆகும் என்று டீமுக்குப் போய்விடும். இப்படி வசதி இல்லாத கேமில் ரஷ், பேக், ஹீல், வெயிட். இந்த நான்கும் தெரியாத கேமர் இந்தியாவில் இல்லை.

மதுரை, கல்லூரி மாணவி: மைக் இருக்கிறது. ஆனால் பெண் குரல் என்று தெரிந்ததும் தொல்லை ஆரம்பித்துவிடுகிறது. பேசாமல் ஆடுவது தப்பா?

தப்பே இல்லைம்மா. காரணமும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ‘மைக் இல்லை’ என்று போட்டால் போதும், அது பொய்யே ஆனாலும். தொல்லை கொடுப்பவரை உடனே மியூட், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட். திருத்தப் பார்க்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. நம்பிக்கையான இரண்டு பேர் கிடைத்தால் அவர்களோடு மட்டும் பார்ட்டி சேனலில் பேசிக்கொள்ளுங்கள். மிச்சப் பேருக்கு பிங் போதும்.

வாடிப்பட்டி: தம்பிக்குக் காது கேட்காது. கேம் நன்றாக ஆடுவான். டீம் கேமுக்கு மட்டும் தயங்குகிறான்.

தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோர்ட்நைட் செட்டிங்ஸில் சத்தத்தைக் கண்ணுக்குக் காட்டும் வசதி இருக்கிறது. காலடியும் துப்பாக்கிச் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று திரையில் வட்டமாகத் தெரியும். காது கேட்கிறவர்களே அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். பிஜிஎம்ஐயில் மினி மேப்பில் காலடிக் குறி வரும், அதைப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

ஏபெக்ஸில் மற்றவர்கள் பேசுவதை எழுத்தாக மாற்றும் வசதியும், எழுதியதைக் குரலாக வாசிக்கும் வசதியும் உண்டு. இணையம் வழியாகப் பேசவும் எழுதவும் உள்ள வசதிகள் ஊனமுற்றவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 2010-இல் ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்து வீடியோ கேம்களுக்குக் கொடுத்திருந்த விலக்கு 2018 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் நம் பசங்க பேசுகிற தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை ஏபெக்ஸின் அந்த வசதி சரியாக எழுதும் என்று நம்ப வேண்டாம். அவன் ஐடிக்குப் பக்கத்தில் காது கேட்காது என்று போடலாமா என்பது அவன் விருப்பம். போட்டால் டீம்மேட்டுகள் பிங்கை அதிகம் பயன்படுத்துவார்கள், நான் பார்த்தவரை.

திருப்பரங்குன்றம்: நாங்கள் நாலு பேர், எல்லாரும் ஊர்க்காரர்கள். தெருவில் முளைப்பாரி, குழாய் ஸ்பீக்கர் பாட்டு. மைக் போட்டால் எல்.ஆர்.ஈஸ்வரி குரல்தான் டீம் முழுக்கக் கேட்கிறது!

நாலு பேரும் தெரிந்தவர்கள் என்றால் கவலையே இல்லை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை குனிந்து எழுந்தால் ‘நில், சத்தம் கேட்கிறது’. ஒரு தடவை குதித்தால் ‘வா’. மருந்தைக் கீழே போட்டால் ‘நீ எடுத்துக்கொள்’. நாலைந்துக்கு மேல் வைக்காதீர்கள், சண்டையில் மறந்துபோகும். விழுந்து கிடக்கும் எதிரி மேல் நின்று குனிந்து எழுந்தால் அது கேலி, தெரியாமல் செய்துவிடாதீர்கள். பேச்சே இல்லாமல் ஆடுவதற்கென்றே வந்த கேமும் உண்டு. 2012-இல் வந்த ஜர்னியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு மணியோசையை மட்டும் எழுப்பிக்கொண்டு பாலைவனத்தைக் கடப்பார்கள். மைக்கும் கிடையாது, டைப்பிங்கும் கிடையாது.

அண்ணா நகர், ஒரு அம்மா: பையன் பிளஸ் டூ. ராத்திரி மைக்கில் கத்துகிறான். மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டால் ஆடுவதை விட்டுவிடுவானா?

விட மாட்டான் அக்கா, சத்தம் மட்டும் நிற்கும். மேலே சொன்னதையெல்லாம் படித்தால் இன்னும் வசதியாக ஆடுவான். பிடுங்குவதற்குப் பதில் எத்தனை மேட்ச் என்று பேசி முடிவு செய்யுங்கள். பிஜிஎம்ஐயில் எராங்கல் என்கிற மேப்பில் மேட்ச் ஒன்று கடைசி வரை போனால் அரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்த முடியாது. அதனால் சாப்பாட்டுக்கு மேட்ச் முடிந்து லாபியில் (அடுத்த மேட்சுக்கு முந்தைய திரை) இருக்கும்போது கூப்பிடுங்கள், அடுத்ததை ஆரம்பிக்கும் முன்னால்.