ஹிஸ்பானிக் மக்கள் எல்லாருக்கும் ஃபேட்டி லிவர் ஒரே அளவில்தான் வருகிறதா?

இல்லை, பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கிறது. "ஹிஸ்பானிக்" என்பது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவர்களுக்காக அமெரிக்கப் படிவங்களில் இருக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான். மெக்சிகோ வழி வந்தவரும் டொமினிக்கன் வழி வந்தவரும் அதே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். கல்லீரலைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்தை நம்பவே கூடாது.

ஹிஸ்பானிக் மக்களில் 45 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு என்று அடிக்கடி சொல்வார்கள். அது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வின் எண். அதில் வெள்ளையருக்கு 33, கறுப்பினத்தவருக்கு 24. ஆனால் டல்லாஸில் ஹிஸ்பானிக் என்றால் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிதான். 2014இல் 'மெசா' என்ற அமெரிக்க ஆய்வு நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தது: மெக்சிகோ வழியினர் 33 சதவீதம், புவேர்ட்டோ ரிக்கோ 18, டொமினிக்கன் 16. இந்த 33ஐ அந்த 45உடன் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். டல்லாஸில் எம்.ஆர். (காந்தப்புல ஸ்கேன்) முறையில் அளந்தார்கள், அதில் ஐந்தரை சதவீதக் கொழுப்பே தெரிந்துவிடும். மெசாவில் சி.டி. ஸ்கேன், லேசான கொழுப்பு அதில் தப்பிவிடும்.

சர்க்கரை நோய்தான் காரணமா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோவில் 16,415 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் சர்க்கரை நோய் மெக்சிகோ வழியினருக்கு 18.3 சதவீதம், புவேர்ட்டோ ரிக்கோவினருக்கு 18.1, டொமினிக்கன்களுக்கு 18.0. ஏறக்குறைய ஒன்றேதான். மெசாவிலும் எடை, இடுப்பளவு, சர்க்கரை, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகும் மெக்சிகோ வழியினரின் கூடுதல் ஆபத்து மறையவில்லை.

மீதிக் கணக்கில் பெரும்பங்கு பி.என்.பி.எல்.ஏ.3 மரபணுவுக்கு என்பது என் கணிப்பு. அதன் புரதத்தில் 148ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் வந்துவிட்டால், அந்தப் புரதம் அப்புறப்படுத்தப்படாமல் கொழுப்புத் துளிமேல் குவிந்து, கொழுப்பு கரைவதைத் தடுக்கிறது. 2008 ஆய்வில் இந்த மாற்றத்தின் அலீல் விகிதம் (மரபணுப் பிரதிகளில் மாற்றம் உள்ளவற்றின் பங்கு) ஹிஸ்பானிக் மக்களிடம் 49 சதவீதம், வெள்ளையரிடம் 23, கறுப்பினத்தவரிடம் 17. அமெரிக்கப் பழங்குடி வம்சத்தில் இது மிகுதி. மெக்சிகோவினரிடம் அந்த வம்சப் பங்கு அதிகம். புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் போன்ற கரீபியத் தீவுக்காரர்களிடம் ஆப்பிரிக்கப் பங்கு அதிகம்.

அதற்காகப் புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்குப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இருந்தால் எந்த நாட்டு வழியினரானாலும் கல்லீரலில் தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று காட்டும் ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி நார்மல் என்பதை வைத்து நிம்மதி அடைவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கொழுப்பும் தழும்பும் இருந்தும் அது நார்மலாக இருக்கலாம். ஃபிப்-4க்கு, வயதை ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்கி, பிளேட்லெட் (ஆயிரத்தில்) பெருக்கல் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வயது 50, ஏ.எஸ்.டி. 40, பிளேட்லெட் 200, ஏ.எல்.டி. 49 என்றால் 2000 ÷ 1400 = 1.43. 1.3க்கு மேல் என்பதால் அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். 65 வயதைத் தாண்டியவருக்கு அந்த எல்லை 2.0.

மரபணு இருக்கிறதே என்று கைவிட வேண்டியதில்லை. உடல் எடை கூடக் கூடத்தான் அதன் வேகமும் கூடுகிறது. எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும். தழும்பு பின்வாங்க 10 சதவீதமாவது குறைய வேண்டும்.