கை போன பிறகு: பெங்களூருத் தமிழரின் கேள்விகளும் பதில்களும்

கதிரடிக்கும் இயந்திரம், டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், மாட்டுத் தீவனத் தட்டை வெட்டும் இயந்திரம் இவற்றில் அடிபட்டவர்களுக்காக வழக்காடுவதே என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனேக்கல்: தம்பிக்கு 35 வயது, தினக்கூலி 600 ரூபாய். 2025 ஆகஸ்டில் தட்டை வெட்டும்போது வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தோட்டக்காரர் 40,000 ரூபாய் தந்து, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்ற முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிவிட்டார். அவ்வளவுதானா ஐயா?

இல்லை. அந்தத் தாளை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். வலது கை இல்லாததால் இடது பெருவிரலை வைத்து, அதுவும் மை பரவி, பாதி ரேகைதான் பதிந்திருக்கிறது. அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டாலும், உங்கள் விபத்து அதற்கு முந்தையது; பழைய சட்டமே பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். மாதக் கூலியில் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் முப்பத்தைந்து வயதுக்கான பெருக்கும் எண் 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஒரு கை போனால் அட்டவணைப்படி 60 சதவீத ஊனம், அதாவது 10,64,124 ரூபாய். மருத்துவச் செலவு தனி. உங்களுக்குத் தந்தது 40,000!

அறுபதோடு நிற்கவேண்டியதும் இல்லை. 1975-இல் ஒரு தச்சரின் இடது கை வெட்டி எடுக்கப்பட்ட வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் முழு ஊனமாகவே ஏற்றது. இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடவேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாத முதலாளி 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் கட்ட நேரிடும்.

சர்ஜாபுரம்: வேலைக்கு வைத்ததற்கு ஒரு சீட்டுகூட இல்லையே?

கூலி போட்ட யுபிஐ பதிவு, மேஸ்திரியின் தொலைபேசி அழைப்புகள், கூட வேலை செய்தவரின் சாட்சியம் போதும். ஆனால் எம்.எல்.சி.யில், அதாவது காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவமனை எழுதும் சட்டப் பதிவில், என்ன எழுதியிருக்கிறது? மருத்துவமனையில் "வீட்டில் விழுந்துவிட்டான்" என்று முதலாளியின் ஆள் சொல்லி எழுதவைத்துவிட்டால் வழக்கின் முதுகெலும்பே ஒடிந்துவிடும். எந்த இயந்திரம், யாருடைய நிலம், எத்தனை மணி: மூன்றும் பதிவாகவேண்டும்.

கே.ஆர். புரம்: விரல் துண்டானால்?

ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. உடனே கிளம்புங்கள்.

அல்சூர்: தர்மபுரியில் டிராக்டர் கவிழ்ந்து அப்பா இறந்தார். அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். இங்கே மனு போடலாமா?

போடலாம். மனுதாரர் வசிக்கும் இடத்து ஆணையரிடமே போடலாம் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இடம் தருகிறது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்; இரண்டில் ஒன்றுதான். உங்கள் அம்மா கையில் நேராகத் தந்த பணம் இழப்பீடு ஆகாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்டவேண்டும்.

ஹொஸ்கோட்டை, மூன்று ஏக்கர் விவசாயி: கதிரடிக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றியவன் அடிபட்ட கூலியாளே. அவன் அஜாக்கிரதைக்கு நான் ஏன் அழவேண்டும்?

இதற்குள் முன்னாள் இயந்திர ஓட்டுநர் ஒருவர் எழுதிவிட்டார்: "மூடி இருந்தால் கதிர் மெதுவாக இறங்குகிறது, கழற்று என்று சொல்வது யார் அண்ணா? வாடகை மணிக்கணக்கில் ஏறும்போது கத்துவது யார்?"

அவர் பக்கம்தான் நான். அஜாக்கிரதை என்பது சட்டத்தில் தற்காப்பே இல்லை. வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியதை நீங்கள் நிரூபித்தாலும், மரணத்திலும் முழு ஊனத்திலும் அது செல்லாது. டிராக்டரின் விசையை இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது, நொடிக்கு ஒன்பது. முந்தானை நுனி மாட்டினால் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணி உள்ளே போய்விடும். "கையை எடு" என்று நீங்கள் கத்தி முடிப்பதற்குள் தோள் வரை போயிருக்கும். இதில் ஜாக்கிரதைக்கு நேரம் எங்கே? கதிரடிக்கும் இயந்திரங்களுக்காகவே 1983-இல் அபாய இயந்திரங்கள் சட்டம் வந்தது. கதிர் ஊட்டும் தட்டு 90 செ.மீ. நீளம் இருக்கவேண்டும், அதில் 45 செ.மீ. மூடியிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் இயந்திரத்தை அளந்து பாருங்கள்.

அதே விவசாயி: நானும் ஏழைதான் சார்.

நம்புகிறேன். அதனால்தான் அடுத்த அறுவடைக்கு முன் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கச் சொல்கிறேன். ஒரு கைக்கான பத்து லட்சத்தை உங்கள் மூன்று ஏக்கர் தாங்காது.

சிவாஜி நகர், மாரத்தஹள்ளி, இன்னும் நால்வர்: கையெழுத்துப் போட்டுவிட்டேன், வழக்கு நிற்குமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஆறாவது முறை எழுத முடியாது.

ஜெயநகர்: செயற்கைக் கை எது நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

பொம்மனஹள்ளி: அண்ணன் நேற்று ரோட்டவேட்டரில் காலை இழந்தார். முதலாளியின் ஆள் காகிதத்தோடு வார்டு வாசலில் நிற்கிறார்.

அம்மா, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணன் விரலையும் யாரும் தொடவிடாதீர்கள். எம்.எல்.சி.யில் "ரோட்டவேட்டர்" என்ற சொல் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பணி மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். 15100-ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அந்த ஆள் காகிதத்தை நீட்டினால் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நமக்குச் சாட்சி.